கன்றுக்குக் கரைத்த மாவு

மலேசியாவில், கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால், பெரிய கரண்டுக் கோபுரங்களுக்கு அடியில் இரண்டு மாட்டுக் கொட்டாய்கள் இருக்கின்றன. முதலாவது சுகுமாறனுடையது, பதினான்கு மாடு. இரண்டாவது சின்னையாவினுடையது; ஒன்பது மாடு. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இரண்டு வீட்டாரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. காரணம் புல். கோபுரத்தடி நிலம் யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே அதில் முளைக்கும் புல் தனக்கே சொந்தம் என்று இருவரும் சொன்னார்கள். ஒருநாள் அரிவாளோடு நின்று கத்திக்கொண்டார்கள். அதன் பிறகு ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால் மற்றவர் முதுகைக் காட்டி நிற்பார்.

தை மாத வெயில் அங்கே தகரக் கூரை வழியாக இறங்கும். சோயாச் சக்கை ஏற்றி வரும் லோரி காலை பத்து மணிக்குக் கொட்டிவிட்டுப் போனால், மதியத்துக்குள் அது புளித்து, அந்த வாடை துணியில், தலைமுடியில், சோற்றில் என்று எல்லாவற்றிலும் ஏறிவிடும். விடிவதற்கு முன் ஒரு கறவை, மதியம் மூன்றுக்கு ஒரு கறவை. முதலில் கன்றை அவிழ்த்து முட்டவிட வேண்டும். மடி சுரந்ததும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்க வேண்டும். கறக்கும்போது போன் அடித்தால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதால், கொட்டாய்க்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது சுகுமாறனின் சட்டம். வாசல் தூணில் ஒரு பிளாஸ்டிக் கூடை தொங்கும். எல்லாரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தைப்பூசத்துக்கு அந்தக் கொட்டாயில் தனி ஏற்பாடு உண்டு. பழனியப்பனின் பாதயாத்திரைக் குழு பத்துமலைக்குத் தூக்கும் நூற்று எண்பது பால்குடத்துக்கும் பன்னிரண்டு வருடமாகச் சுகுமாறன்தான் பால் கொடுக்கிறார். முதல்நாள் மதியக் கறவை, அன்று விடியற்காலைக் கறவை, இரண்டும் முழுமையாகக் குடத்துக்குப் போய்விடும். அந்த நாட்களில் கன்றுகளுக்கு மடியில் மிச்சம் வைக்க முடியாது. கடையில் விற்கும் கன்றுக்குட்டிப் பால்மாவைக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். திடீரென்று கொடுத்தால் வயிறு கழியும். ஆகவே ஒரு வாரம் முன்பே, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பழக்குவார். அதையும் வேறு வாளியில் கரைத்தால் கன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் வாடை உள்ள பழைய எவர்சில்வர்த் தோங்கில் கரைத்தால்தான் வாய் வைக்கும். தோங் என்பது இங்கே பால் அளக்கும் பெரிய பாத்திரம்.

சாமிக்குப் பசும்பால் போக வேண்டும் என்பதற்காகக் கன்று குடிப்பது மாவுத்தண்ணீர். நடந்த எல்லாவற்றுக்கும் அடி இதுதான்.

தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை மூன்றரை மணிக்குப் பழனியப்பன் வந்தார். நாற்பத்தெட்டு நாள் விரதத் தாடி அவருக்கும் இருந்தது, சுகுமாறனுக்கும் இருந்தது.

"சுகுமாறா, வெளிய வா."

"கறந்துக்கிட்டு இருக்கேண்ணே. உள்ள வாங்க. போன மட்டும் கூடையில போட்டுட்டு வாங்க."

"அந்தப் போனக் காட்டத்தான் வந்தேன். வா வெளிய."

சுகுமாறன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழனியப்பன் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். பத்தொன்பது வினாடிப் படம். சத்தம் இல்லை. ஒரு கை மாவுப் பையில் கோப்பையை விட்டு அள்ளுகிறது. வெள்ளை மாவு தோங்கில் விழுகிறது. தண்ணீர் ஊற்றப்படுகிறது. கலக்கும் கட்டை சுழல்கிறது. தோங் நிறையப் பால் நிறம். மேலே மஞ்சள் எழுத்து: 'கிள்ளானிலிருந்து பத்துமலைக்குப் போகும் பசும்பால் இதுதான். முருகனையே ஏமாற்றுகிறார்கள்.'

"இது ஓங் கொட்டாய்தானே?"

"என் கொட்டாய்தான். என் கையிதான்."

"ஒத்துக்கிறியா?"

"எத ஒத்துக்கிறது? கன்னுக்குட்டிக்குக் கரைச்சதுண்ணே. வருசா வருசம் கரைக்கிறதுதான்."

"கன்னுக்குட்டி எங்க? காட்டு பாப்போம். பத்து வாட்டி பாத்துட்டேன். மாட்டோட வாலுகூட இதுல இல்ல."

"எடுத்தவன் காட்டலன்னா நான் என்ன பண்றது?"

"நான் நூத்தியெம்பது குடும்பத்துக்குப் பதில் சொல்லணும் லா. நேத்து ராத்திரிலேருந்து போனு நிக்கல. ஒரு ஆன்டி அழுவுறாங்க. புள்ளைக்கு ஆப்ரேசன்னு வேண்டிக்கிட்டுத் தூக்குறாங்க. 'பவுடர் தண்ணியவா தலையில வச்சுக்கிட்டு எறநூத்தி எழுவத்திரெண்டு படி ஏறப்போறேன்'னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பன்னண்டு வருசமா வாங்குறீங்களே, ஒரு நாளு காய்ச்சிக் குடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சாமிக்குப் போறத நான் ஏன் குடிக்கப் போறேன்?" பழனியப்பன் போனைப் பையில் போட்டார். "இங்க பாரு. சனிக்கிழம மதியம் வரைக்கும் டைம் தாரேன். யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தான்னு தெரிஞ்சா நான் கூட்டத்துல எழுந்து பேசலாம். இல்லேன்னா இந்த வருசம் பாக்கெட் பால்தான். அடுத்த வருசத்தப் பத்தி அடுத்த வருசம் பேசிக்கலாம்."

கார் போன பிறகு சுகுமாறன் வாய்க்காலைப் பார்த்தபடி நின்றார். அக்கரையில் சின்னையா ரப்பர்க் குழாயால் மாடு கழுவிக்கொண்டிருந்தார். வழக்கம்போல முதுகு இந்தப் பக்கம். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கச் சுகுமாறனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பால்காரர்கள் சங்கத்துக்கு ஒரு வாட்சப் குழு உண்டு; அறுபத்தேழு பேர். கூடையிலிருந்து போனை எடுத்து, அதில் குரல் செய்தியாகப் பேசினார். "எல்லாருக்கும் வணக்கம். எங் கொட்டாய் படத்த எடுத்துப் பரப்புனது யாருன்னு எனக்குத் தெரியும். வேற யாருமில்ல, வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கானே, அந்தச் சின்னையாதான். எம் பொழப்பக் கெடுக்கணும்னு பதினோரு வருசமா காத்துக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட யாரும் சகவாசம் வச்சுக்காதீங்க."

தவிட்டு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி லெட்சுமி நிமிர்ந்தாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? வேற யாரு இருக்கா இங்க?"

"பாக்காம எப்படிங்க சொல்றது? வெரதத்துல இருக்கீங்க."

"வெரதம் சோத்துக்குத்தான்டி. இதுக்கில்ல."

அமுக்கியிருந்த விரலை எடுத்ததும் குரல் செய்தி போய்விட்டது.

அவர்களுடைய ஒரே மகள் விஷ்ணுப்ரியா ஆறரை மணி ரயிலில் வந்திறங்கினாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் உள்ள கல்லூரியில் பத்திரிகைத்துறை படிக்கிறாள், இரண்டாம் வருடம். தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் போய் வருகிறாள். பையை வைப்பதற்கு முன்பே அப்பா படத்தைக் காட்டினார்.

"இதெல்லாம் கண்டுபிடிக்கத்தானே படிக்கிற? எந்தப் போன்லேருந்து வந்துச்சுன்னு பாத்துச் சொல்லு. அவன் பேர அச்சடிச்சுக் கொண்டா. சனிக்கிழம பழனியப்பன் மூஞ்சியில வீசணும்."

"யாரு பேருப்பா?"

"சின்னையா பேருதான்."

அவள் படத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பரங்கிக்காய்க் கூட்டும் கீரையும் போட்டு லெட்சுமி சோறு வைத்தபோது, தலை வலிக்கிறது, வேண்டாம் என்றாள்.

அந்தப் படத்தை எடுத்தது விஷ்ணுப்ரியா.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை, போனைக் கூடையில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய் எடுத்தாள். வீட்டில் நடக்கும் வேலை ஒன்றை வெட்டாமல் ஒரே மூச்சில் படமெடுத்து வரக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்தது நாற்பத்திரண்டு வினாடி. மாவு கரைப்பது, தோங்கைத் தூக்கிப் போவது, மாவு குடிக்கும் ஐந்து இளங்கன்றுகளும் முண்டியடித்துத் தலையை விடுவது, ஒரு கன்று தும்மி அப்பாவின் தாடியெல்லாம் வெள்ளையாவது, அப்பா சிரிப்பது. எல்லாம் அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடுத்த பயிற்சி. பொய்ச் செய்தியைப் பிடிக்க வேண்டுமானால் அதைச் செய்யும் விதம் தெரிய வேண்டும் என்று, ஒவ்வொருவரும் இன்னொருவரின் படத்தை எடுத்துப் பொய்யாக மாற்றிக் காட்ட வேண்டும். அதற்குப் பாடம் எடுக்கும் மிஸ் ஒரு தாள் கொடுத்தார். அசல் யாருடையது, எதை வெட்டினாய், என்ன எழுதிச் சேர்த்தாய், வெளியாள் ஒருவரிடம் காட்டியபோது நம்பினாரா என்று நான்கு கட்டம். ஒவ்வொரு படத்திலும் மூலையில் 'பயிற்சி' என்று முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. விஷ்ணுப்ரியாவின் படம் தனேஷ் என்பவனுக்கு விழுந்தது. அவன் கன்றுகளை வெட்டினான், சிரிப்பை வெட்டினான், மஞ்சள் எழுத்துப் போட்டான். வகுப்பில் எல்லாரும் மார்க் போட்டபோது விஷ்ணுப்ரியா பத்துக்குப் பத்து போட்டாள். "எங்கப்பா பாத்தாக்கூட நம்பிடுவாரு" என்று சொல்லிச் சிரித்ததும் அவள்தான்.

வியாழக்கிழமை, கல்லூரிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷ்ணுப்ரியா, தனேஷ், மாணவர்கள் நடத்தும் செய்தி சரிபார்ப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இல்யாஸ்; கடை அவன் வாப்பாவுடையது. தலைக்கு மேல் மோனோரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது.

"யாருக்கு அனுப்புன?" என்றாள் விஷ்ணுப்ரியா.

"அம்மாவுக்கு," என்றான் தனேஷ்.

"தாள்ல என்ன போட்டிருந்துச்சு? 'காட்டவும்'னுதானே போட்டிருந்துச்சு? 'அனுப்பவும்'னா போட்டிருந்துச்சு?"

"அம்மா ஈப்போவுல இருக்காங்க. நான் இங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். எப்படிக் காட்டுறது, கனவுலயா? அனுப்புனேன். அவங்க உடனே நம்பிட்டாங்க. நாலாவது கட்டத்துல எழுதிட்டேன். அப்புறம் 'பொய்ம்மா'ன்னு சொன்னேன். 'ஐயோ, நான் கோயில் லேடீஸ் குரூப்புல போட்டுட்டேனேடா'ன்னாங்க."

"முத்திரை?"

"போட்டேன் லா. கீழ மூலையில. எவனோ வெட்டிட்டான். நான் என்ன பண்றது?"

"எங்கப்பாவக் கொலகாரன் மாதிரி பேசுறாங்க, தெரியுமா?"

"பேசாத விஷ்ணு. பத்து மார்க்கு போட்டது யாரு? நானா போட்டுக்கிட்டேன்?"

விஷ்ணுப்ரியா கோப்பையை நகர்த்தியதில் மைலோ மேசையில் சிந்தியது. தனேஷ் தன் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டான், துடைக்கவில்லை.

இல்யாஸ் முன்னால் சாய்ந்தான். "இன்னிக்கே நம்ம பக்கத்துல சரிபார்ப்புக் கார்டு போடணும். 'பொய்'னு மட்டும் போட்டா எவனும் நம்ப மாட்டான். எங்கேருந்து வந்துச்சுன்னு சேத்துச் சொல்லணும். இது எங்க கிளாஸ் பயிற்சி, நாங்கதான் வெட்டுனோம், முழுப் படம் இதோ. அவ்வளவுதான்."

"மிஸ் வேணாம்னுட்டாங்க," என்றான் தனேஷ். "பயிற்சியப் பத்தி வெளிய யாரும் வாயத் தொறக்கக் கூடாதாம். மேல பேசி முடிவு பண்ணுவாங்களாம்."

"மேலன்னா எத்தனாவது மாடி? அவங்க முடிவு பண்றதுக்குள்ள தைப்பூசம் முடிஞ்சிடும். விஷ்ணு, ஓங் கையில முழுப் படம் இருக்கு. நீ சொன்னா நான் போட்டுர்றேன்."

விஷ்ணுப்ரியா சிந்திய மைலோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"கொட்டாய்க்குள்ள போன் கொண்டுபோனதே அவருக்குத் தெரியாது. நான்தான் எடுத்தேன்னு தெரிஞ்சா… எங்கப்பாவ ஒனக்குத் தெரியாது இல்யாஸ். படிப்ப நிறுத்திடுவாரு."

"மிஸ் காலேஜுக்காக மறைக்கிறாங்க. நீ ஒனக்காக மறைக்கிற. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒனக்கென்ன, ஒங்க வாப்பா கடையில ஒக்காந்துக்கிட்டு ஈசியா பேசுவ."

"சரி," என்று இல்யாஸ் எழுந்துகொண்டான். "வெறும் 'பொய்'னு போடுறேன். எம் பேர் போட்டுத்தான் போடணும், அதான் விதி. அப்புறம் என்னக் கேக்காதே."

வெள்ளிக்கிழமை காலை கார்டு வெளியானது. சிவப்புக் கட்டத்தில் 'பொய்' என்று பெரிதாக. கீழே, 'அந்த மாவு கன்றுகளுக்கானது என்று எங்கள் விசாரணையில் தெரிகிறது. சரிபார்த்தவர்: இல்யாஸ்.' மதியத்துக்குள் அதற்கு அடியில் நானூறு கருத்துகள் வந்தன. என்ன விசாரணை, யாரைக் கேட்டீர்கள், கன்று எங்கே என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். 'பாய்க்கு எங்க சாமி பால்ல என்ன வேலை?' 'பேரப் பாத்தாலே தெரியுதே, யாரு காசு குடுத்தான்னு.' 'இப்பதான் படம் உண்மைன்னு உறுதியாச்சு.'

இல்யாஸ் மாலையில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினான். 'எங்க வாப்பா கடைக்குப் பதினாறு பேர் நெட்டுல ஒரே ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க. பால்ல கலப்படமாம். அவர் கடையில பாலே கிடையாது, எல்லாம் டின் பால். இதுக்கும் ஒரு கார்டு போடணுமா?'

அவள் அதைப் படித்தாள்.

அன்று வாய்க்காலுக்கு அக்கரையிலும் நடந்தது. சின்னையாவிடம் பால் வாங்கிய மூன்று வீட்டார், அடுத்தவன் குடும்பத்தைக் கெடுப்பவன் கைப்பால் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். யாரோ அவருடைய தண்ணீர்க் குழாயை மூன்று இடத்தில் அறுத்துப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை விடிந்தபோது சின்னையா வாளியில் தண்ணீர் மொண்டு ஒன்பது மாட்டையும் கழுவிக்கொண்டிருந்ததை விஷ்ணுப்ரியா பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஒவ்வொரு வாளிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

சனிக்கிழமை மூன்று மணி. காற்றே இல்லை. மேலே கரண்டுக் கம்பி இரைந்துகொண்டிருந்தது. முதல் நான்கு மாடு கறந்து முடித்திருந்தார்கள். பழனியப்பன் வந்தார். இந்தத் தடவை போனைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அவர் உட்காருவதற்கு முன்னாலேயே வாய்க்கால் பலகையைத் தாண்டிச் சின்னையாவும் வந்துவிட்டார். பதினோரு வருடத்தில் அந்தப் பலகையை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. கையில் அறுந்த குழாய்.

"இந்தா, புடி," என்று குழாயைச் சுகுமாறன் காலடியில் போட்டார். "படத்த நான் எடுத்தேனா? நீ பாத்தியா?"

"வேற எவன் எடுப்பான்?"

"ஓங் கொட்டாய்க்குள்ள நான் காலு வச்சிருக்கேனா? படத்துல ஓந் தோங்கு மூக்குக்கு முன்னால தெரியுது. வாய்க்கால்லேருந்து எடுத்தா அப்படித் தெரியுமா? எனக்கென்ன கொக்குக் கழுத்தா?"

"போன வச்சு இப்பெல்லாம் எங்கேருந்து வேணா எடுக்கலாம்."

"எம் போனுல டார்ச்சு அடிக்கவே எம் பேரனக் கேக்கணும்டா, புல்லுத் திருடா!"

"யாருடா திருடன்?"

"நிறுத்துங்கப்பா," என்றார் பழனியப்பன். "எனக்கு ஒண்ணுதான் வேணும். யாரு எடுத்தா?"

"நான் எடுத்தேன்," என்றாள் விஷ்ணுப்ரியா.

அவள் ஐந்தாவது மாட்டின் கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றை விடவில்லை. கன்று இழுக்க இழுக்க, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, செவ்வாய்க்கிழமை வெட்டியது, நான்கு கட்டம் போட்ட தாள், தனேஷின் அம்மா, தான் போட்ட பத்து மார்க். "எங்கப்பா பாத்தாக்கூட நம்பிடுவாரு" என்று சிரித்ததையும் விடாமல் சொன்னாள். பிறகு கூடையிலிருந்து தன் போனை எடுத்து வந்து நாற்பத்திரண்டு வினாடியையும் ஓட்டிக் காட்டினாள். கன்று தும்மியது. படத்தில் சுகுமாறன் சிரித்தார். அந்தச் சத்தத்துக்குக் கட்டியிருந்த மாடு காதைத் திருப்பியது.

"பள்ளிக்கூடத்துல பொய் சொல்லச் சொல்லிக் குடுக்குறாங்களா?" என்றாள் லெட்சுமி.

சுகுமாறன் மகளைப் பார்க்கவில்லை. பழனியப்பனைப் பார்த்தார். "தெரிஞ்சு போச்சுல்ல? எடுத்தது யாரு, எதுக்குன்னு கேட்டீங்க. சொல்லியாச்சு. கூட்டத்துல எழுந்து பேசுங்க."

பழனியப்பன் தாடியைத் தடவினார். "நான் நம்புறேன் சுகுமாறா."

"அப்ப?"

"பாக்கெட் பாலு வந்து எறங்கிடுச்சு. நேத்தே முடிவு பண்ணிட்டாங்க. கமிட்டியில பதினோரு பேர்ல ஒம்பது பேரு. அந்தக் கார்டப் பாத்ததுக்கப்புறம் இன்னும் கோவமாயிட்டாங்க."

"சனிக்கிழம வரைக்கும் டைம் குடுத்தீங்க."

"குடுத்தேன். அவங்க குடுக்கல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு." அவர் எழுந்தார். போகும்போது விஷ்ணுப்ரியாவிடம் நின்றார். "புதன்கிழமை சொல்லியிருந்தா இந்நேரம் பால் கேன் கழுவிக்கிட்டு இருந்திருப்போம், பாப்பா." கூடையில் போனைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னையா போகவில்லை.

"எனக்கு என்ன சொல்ற?"

"ஒனக்கென்ன சொல்லணும்?"

"அறுவத்தேழு பேர் கேக்கச் சொன்னேல்ல? அதே அறுவத்தேழு பேர் கேக்கச் சொல்லு. ஓன் வாயால."

சுகுமாறன் மாட்டின் முதுகில் கையைத் துடைத்தார். பிறகு போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "வணக்கம். அன்னிக்கு நான் சின்னையா பேரச் சொன்னேன். அவன் எடுக்கல. நான் பாக்காமச் சொல்லிட்டேன். எடுத்தது… எங்க வீட்டுலதான்."

"எங்க வீட்டுலன்னா? மாடா எடுத்துச்சு?" என்றார் சின்னையா.

விரல் இன்னும் போனில்தான் இருந்தது. அதுவும் சேர்ந்தே பதிவானது. விஷ்ணுப்ரியா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை. "எம் பேரு விஷ்ணுப்ரியா, சுகுமாறன் மக. படத்த எடுத்தது நான். வெட்டுனது எங்க கிளாசுல, பயிற்சிக்காக. முழுப் படத்த இப்ப இதுல போடுறேன்." கல்லூரியின் பெயரையும் சொன்னாள். அனுப்பினாள். அதே செய்தியை இல்யாஸுக்கும் அனுப்பி, 'எம் பேர் போட்டுப் போடு' என்று எழுதினாள். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் விழுந்தது.

"திங்கட்கிழமை காலேஜுக்குப் போவியா?" என்றார் சுகுமாறன். அன்று மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியலப்பா. விட்டாங்கன்னா போவேன்."

"போ. போயி அந்தத் தாள எழுதினவங்களப் பாத்து, ஒருநாள் இங்க வந்து சாணி அள்ளச் சொல்லு."

மாடு யாருக்காகவும் காத்திருக்காது. மடி கட்டிக்கொண்டால் காய்ச்சல் வரும். மீதிப் பத்து மாட்டையும் கறந்தார்கள். எடுத்துப் போக ஆளில்லாத பால் ஐந்து தோங்கில் நுரைத்துக்கொண்டு நின்றது. லெட்சுமி இரண்டு தோங்கை உறை ஊற்ற உள்ளே எடுத்துப் போனாள். இன்னும் இரண்டை நாளைக்குக் கேட்கிறவர்களுக்கு என்று ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஐந்தாவதைச் சுகுமாறன் கன்றுகளிடம் தூக்கிப் போனார். மாவு மூட்டை வாய் கட்டியபடியே மூலையில் இருந்தது.

"இருப்பா, நான் படம் எடுக்கிறேன்," என்று விஷ்ணுப்ரியா போனை நிமிர்த்தினாள். "கறந்த பால் கன்னுக்குத்தான் போகுதுன்னு…"

"நீ எடுத்தது போதும்," என்றார் சின்னையா. வாசலில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். தன் போனை வெளியே எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எதை அமுக்குவது என்று தேடினார். "நான்தான் எடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னான்ல? எடுக்காமயே கெட்ட பேரு வாங்கிட்டேன். எடுத்துட்டு வாங்குறேன். பாப்பா, இத எங்க அமுக்கணும்?"

அவள் காட்டிக் கொடுத்தாள். சின்னையா போனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சுகுமாறன் கூடையைப் பார்த்தார். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துப் பாலில் ஊற்றினார்.

விஷ்ணுப்ரியா அந்தக் கையைப் பார்த்தாள். படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் போதும். பாலில் தண்ணீர் ஊற்றும் கை, ஒன்பது வினாடி. மஞ்சள் எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

சின்னையா நிறுத்தவில்லை. போனுக்குள் கத்திப் பேசினார். "எல்லாரும் பாருங்க. நான் சின்னையா. இது சுகுமாறன் கொட்டாய். இவன் புல்லுத் திருடன். எனக்கும் இவனுக்கும் பேச்சு வார்த்த கெடையாது. இப்ப இவன் பாலுல தண்ணி ஊத்துறான். ஏன் ஊத்துறான்? ஒரு வாரமா மாவு குடிச்ச கன்னு. முழுப் பாலு குடுத்தா வயிறு கழியும். மாடு வச்சிருக்கிறவனுக்குத் தெரியும். பத்துமலைக்குன்னு கறந்த பாலு இது. உங்களுக்கு வேணாம்னீங்க. கன்னு குடிக்குது. இந்தா, பாத்துக்கோங்க."

அவர் இன்னும் கிட்டே வந்தார். ஐந்து தலையும் தோங்குக்குள் போய்விட்டன. பாலின் மேல் சின்னையாவின் தலையும் தோளும் கறுப்பாக விழுந்தன.

சுகுமாறன் தோங்கைச் சாய்த்துப் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நெழலு விழுது," என்றார். "தள்ளி நின்னு எடு."